அறுபது நோயாளிகளும் ஒரு குப்பியும்

டாக்டர் ஹரிகுமாரின் அறைச் சுவரில் அவருடைய புகைப்படங்கள் பதினொன்று தொங்கின. பன்னிரண்டாவது மட்டும் ஒரு அருவி. அதையும் அவரே எடுத்ததாகச் சொன்னார்.

துப்பறிவாளர் அழகியநாயகி படங்களை எண்ணி முடித்த பிறகும் டாக்டர் தன்னைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அரசாங்கத்தில் மருந்து ஆய்வாளராக இருந்தவள் அவள். மேலதிகாரியின் மைத்துனன் நடத்திய கள்ள மருந்துக் கடையைப் பூட்டினாள். அதற்குப் பரிசாக மூன்று வருடத்தில் நான்கு ஊருக்குத் தூக்கியடித்தார்கள். ராஜினாமாக் கடிதத்தை எழுதி நீட்டிவிட்டு நாகர்கோவிலில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய உதவியாளன் ஷிபு. மார்த்தாண்டத்துக்காரன், நாற்பது வயது. பதினைந்து வருடம் மருந்துக் கம்பெனி ரெப்பாக டாக்டர்களின் வாசலில் கால்கடுக்க நின்றவன். டாக்டர்கள் மேல் மிச்சமிருந்த மரியாதையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவன்.

"கொகெய்ன் பழக்கத்துக்கு உலகத்துல இதுவரைக்கும் சரியான மருந்து கிடையாது மேடம்," என்றார் டாக்டர். "வலிப்புக்குக் குடுக்கிற பழைய மருந்து ஒண்ணு இதுக்குக் கேக்குமான்னு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சோதிக்குது. இந்தியாவுல எட்டு இடம். அதுல ஒண்ணு கொட்டாரத்துல, என்னோட புத்துயிர் இல்லத்துல! அறுபது நோயாளிங்க. முப்பது பேருக்கு நிஜ மருந்து. முப்பது பேருக்கு அதே நிறத்துல வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம்பர் போட்ட குப்பிதான் வரும்."

"பலன் என்ன சார்?" என்றான் ஷிபு.

"முதல் நாள் அறுபது பேர் சிறுநீர்லயும் கொகெய்ன். எட்டாவது வாரம் முப்பது பேர்கிட்ட சுத்தமா இல்ல. முப்பது பேர்கிட்ட அப்படியே இருக்கு."

"சரியா முப்பதா?" என்றாள் அழகியநாயகி.

"சரியா முப்பது."

எந்த மருந்தும் இத்தனை ஒழுக்கமாக நடந்துகொண்டு அவள் பார்த்ததில்லை. மருந்து தின்றவர்களில் நாலு பேர் திரும்ப வழுக்குவார்கள். மாவு தின்றவர்களில் நாலு பேர் தானாகவே நிறுத்துவார்கள். மனிதர்கள் அப்படித்தான். அவள் தலையாட்டினாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வர்றாங்க. இந்த நேரத்துல பதினேழாம் நம்பர் நோயாளி பச்சை ஃபைல் ஒண்ணையும் மருந்துக் குப்பி ஒண்ணையும் திருடிட்டு ஓடிட்டான். பன்னிரண்டு நாள் ஆச்சு. பேரு செய்யது அலி. கப்பல்ல சமையல்காரன். அக்கா வீடு குளச்சல்ல. ஃபைலை எனக்குக் கொண்டு வாங்க. திறந்து பார்க்க வேண்டாம். நோயாளிங்க ரகசியம்."

"போலீசுக்குப் போவல்லியா?"

"போதைக்காரன் பாவம் மேடம். அவன் வாழ்க்கையைக் கெடுக்க மனசு வரல," என்றார் டாக்டர், அருவிப் படத்தைப் பார்த்தபடி.

வெளியே வந்ததும் ஷிபு காரின் கதவைத் திறக்காமல் நின்றான். "எக்கா, நம்ம ஜில்லாவுல அறுபது பேரு கொகெய்ன் இழுக்கானா? அவ்வளவு வசதி இருந்தா நம்ம ஆளுவ எதுக்கு விடியக்காலம் ரப்பர் பால் வெட்டப் போறான்?"

"அதத்தான் நானும் நெனச்சேன். அந்தா, வேப்ப மரத்தடியில நிக்கவங்க நோயாளிகளாம். போயி விசாரி."

மரத்தடியில் நின்றவர்களில் ஒருவர் ஜான்ரோஸ். முட்டம் கடற்கரையில் மீன் பெட்டி சுமப்பவர். தோள் இரண்டும் பாறை மாதிரி இருந்தன.

"அண்ணே, எத்தன வருஷமா பொடி இழுக்கிய?" என்றான் ஷிபு.

"மூக்குப்பொடியா? அது எங்க அப்பனோட போச்சு."

"இல்ல, வெள்ளப் பொடி."

ஜான்ரோஸ் யோசித்தார். "பல்லு தேய்க்கதுக்கு நான் இப்ப பேஸ்டுதான்."

ஷிபு சிரிக்காமல் சமாளித்தான். "பின்ன எதுக்கு இங்க வாறிய?"

"சத்து மாத்திரையின்னு சொன்னாவ. வாரத்துக்கு ஒருக்கா வந்து கையெழுத்துப் போட்டா வண்டி வச்சுக் கொண்டு விடுவாவ, பிரியாணியும் உண்டு. ஆனா தம்பி, எனக்கு ஒரு சங்கடம் உண்டும். பக்கத்து வீட்டு ஜஸ்டஸுகிட்ட ரெண்டாவது வாரம் தொட்டு மூத்திரம் வாங்கினாவ. எனக்கிட்ட எட்டு வாரமா ஒரு நாளும் கேக்கல்ல. நான் மட்டும் என்ன கொறஞ்சு போனேன்?"

"ஜஸ்டஸுகிட்ட மொத நாளு வாங்கல்லியா?"

"மொத நாளு யாருக்கிட்டயும் வாங்கல்ல. கையெழுத்துதான்."

ஷிபு வந்து சொன்னதைக் கேட்டதும் அழகியநாயகி காரில் ஏறினாள். "மொத நாளு யாரும் மூத்திரம் குடுக்கல்ல. ஆனா அறுபது பேருக்க ரிப்போர்ட்டும் இருக்கு. அந்தப் பச்சை ஃபைல நான் பாத்தே ஆவணும். வண்டிய குளச்சலுக்கு விடு."

செய்யது அலியின் அக்கா ஹமீதா பீவி வாசலில் பாதிக் கதவைத்தான் திறந்தாள். நாற்பது வயதிருக்கும். தம்பியைப் பற்றிக் கேட்டதும், எங்கே போனானென்று தெரியாது, அல்லாவுக்குத்தான் தெரியும் என்றாள். ஆனாலும் வந்தவர்களைச் சாயா குடிக்காமல் அனுப்ப அவளால் முடியவில்லை. அடுப்பிலிருந்து நேராகச் சுடச்சுட ஊற்றிக் கொடுத்தாள்.

கதவோரம் ஒரு பையில் சோற்றுப் பாத்திரமும் ஒரு ஃபிளாஸ்கும் தயாராக இருந்தன. ஷிபு செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்து ஃபிளாஸ்கைத் தூக்கினான். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

"உம்மாடி! இது எந்த ஊரு சாயா? ஐஸ் கெடக்கு!"

ஹமீதா பீவியின் முகம் வெளுத்தது. அழகியநாயகி எழுந்து ஃபிளாஸ்கைத் திறந்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய இன்சுலின் பேனா.

"உங்களுக்கா சர்க்கரை?"

ஹமீதா பீவி தன் தம்ளரைக் கீழே வைத்தாள். அவளுடைய தம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை ஒரு விரற்கடை தங்கியிருந்தது.

"அப்போ தம்பிக்கு," என்றாள் அழகியநாயகி. "குளிர்பெட்டி இல்லாத எடத்துல ஒளிஞ்சிருக்கான். தெனமும் நீங்க கொண்டு போறிய. இங்க பாருங்க, நான் அந்த டாக்டருக்க ஆளா வரல்ல. உங்க தம்பி சொல்லுகதையும் கேக்கதுக்குத்தான் வந்தேன். இதுவரைக்கும் யாராவது கேட்டாவளா?"

ஹமீதா பீவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். "யாரும் கேக்கல்ல. களவாணின்னு மட்டும் சொன்னாவ. அவன் களவாணி இல்ல. கெட்டுப்போனான், அது உள்ளதுதான். ஆனா திருந்துறதுக்குத்தான் அங்க போனான்."

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறைகளுக்கு இந்தப் பக்கம், லிஜின் என்ற மீனவனின் வலைக் கொட்டகை இருந்தது. லிஜின் செய்யது அலியின் பள்ளிக்கூடத் தோழன். ஆழ்கடலுக்குப் போயிருந்தான். கொட்டகைக்குள் வலைக் குவியலில் சாய்ந்து கிடந்தான் செய்யது அலி. முப்பத்து நாலு வயது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. புது ஆட்களைக் கண்டதும் பாறைப் பக்கம் ஓடப் பார்த்தான்.

"எலே, இருடா!" என்று அக்கா அதட்டினாள். "இவங்ககிட்ட சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

ஊசி போட்டுச் சாப்பிட்ட பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"பயணிகள் கப்பல்ல பதினெட்டு மணி நேரம் அடுப்படி. ஒறங்காம இருக்கதுக்கு ஒருத்தன் பழக்கி விட்டான். ரெண்டு வருஷத்துல வேலையும் போச்சு, நிக்காஹ் பேசி வச்ச பிள்ளையும் போச்சு. ஊருக்கு வந்தப்போ இந்த டாக்டரு மருந்து சோதிக்காருன்னு கேட்டேன். நானே நடந்து போயிச் சேந்தேன். ரூம் தந்தாரு. பொடிய சட்டுன்னு நிறுத்தினா நெஞ்சு நின்னுரும், பைய பையக் கொறைக்கணும்னு சொல்லி அவரே பொட்டலம் தந்தாரு."

"அவரே தந்தாரா?"

செய்யது அலி சட்டைப் பையிலிருந்து நான்கு சிறிய காகித உறைகளை எடுத்து நீட்டினான். இல்லத்தின் பெயர் அச்சடித்த மருந்து உறைகள். மேலே டாக்டரின் கையெழுத்தில் 1-0-1 என்று எழுதியிருந்தது. உள்ளே வெள்ளைப் பொடி.

ஷிபு உறையை வெளிச்சத்தில் பிடித்தான். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எக்கா, நான் பாத்த டாக்டருவளிலயே இவனுக்க கையெழுத்துதான் தெளிவா வாசிக்க முடியுது."

"கொகெய்ன யாரும் பைய பையக் கொறைக்கது கெடையாது," என்றாள் அழகியநாயகி. குரல் தணிந்திருந்தது. கோபம் வரும்போதுதான் அவளுக்குக் குரல் தணியும். "அப்படி ஒரு வைத்தியமே இல்ல. உங்ககிட்ட பதிலுக்கு என்ன வாங்கினான்?"

"மூத்திரம். தெனமும் மூணு நாலு நேரம், ஒரு கேன்ல. இவ்வளவு எதுக்கு சாரேன்னு கேட்டேன். பெரிய சோதனையின்னு சொன்னாரு. ஆனா மாத்திரை மட்டும் தரல்ல. எட்டு வாரமும் தரல்ல. ஒரு நாளு அலமாரி தொறந்து கெடந்துச்சு. பதினேழுன்னு எனக்க நம்பர் எழுதின குப்பி இருந்துச்சு. எனக்குள்ளதத்தான் எடுத்தேன். அது களவா மேடம்?"

அழகியநாயகி பக்கத்தில் கிடந்த பச்சை ஃபைலைக் கையில் எடுத்தாள்.

"ஃபைல எதுக்கு எடுத்தீங்க?"

"வேற டாக்டருகிட்ட காட்டலாம்னு. எனக்கு அந்த இங்கிலீஷு ஒண்ணும் புரியல்ல. ஆனா மேடம், மாத்திரை நல்ல மாத்திரை. மொத நாலு நாளு இந்தப் பாறையில தலைய முட்டினேன். பின்ன சரியாச்சு. பன்னிரண்டு நாளா பொட்டலத்தத் தொடல்ல. சட்டைப் பையிலதான் கெடந்துச்சு, தொடல்ல!"

அழகியநாயகி பச்சை ஃபைலைத் திறந்தாள். அறுபது பேரின் ஆய்வுக்கூட அறிக்கைகள். கொகெய்ன் என்ற வரியை எல்லோரும் பார்ப்பார்கள். அவள் அதை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத மற்ற வரிகளைப் படித்தாள். பத்து பக்கம் புரட்டினாள். திரும்ப முதலிலிருந்து புரட்டினாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"ஷிபு, வாசி. முதல் நாளு, சர்க்கரை வரி."

"மூணு பிளஸ். மூணு பிளஸ். மூணு பிளஸ்..." ஷிபு வேகவேகமாகப் பக்கங்களைத் தள்ளினான். "எக்கா, அறுபது பேருக்கும் மூணு பிளஸ்! அறுபது பேருக்கும் முத்தின சர்க்கரை!"

"எட்டாவது வாரம்?"

"கொகெய்ன் போன முப்பது பேருக்கும் சர்க்கரையும் போச்சு. கொகெய்ன் போவாத முப்பது பேருக்கும் அதே மூணு பிளஸ். எக்கா, இந்த மருந்த கொகெய்னுக்கு எதுக்கு விக்கான்? சர்க்கரைக்கு வித்தா உலகமே இவனுக்க கால்ல விழுமே!"

ஹமீதா பீவிக்குப் புரியவில்லை. அழகியநாயகி அவள் பக்கம் திரும்பினாள்.

"அறுபது நோயாளியும் கெடையாது தாயி. ஒரே ஒரு நோயாளிதான். உங்க தம்பி. சோதனையில சேரணும்னா முதல் நாளு மூத்திரத்துல கொகெய்ன் இருக்கணும். மீன் பெட்டி சுமக்கவருகிட்ட அது எங்க இருக்கும்? அதனால உங்க தம்பிக்க மூத்திரத்த அறுபது குப்பியில ஊத்தி அறுபது பேரெழுதினான். மருந்து ஜெயிச்ச மாதிரி காட்டதுக்கு முப்பது பேருக்கிட்ட அவங்களுக்க சொந்த மூத்திரத்த வாங்கினான். மாவு மாத்திரைக்காரன் முப்பது பேருக்கும் கடைசி வரை இவருக்க மூத்திரம். இவரு குணமானா டாக்டருக்குக் கடை அடைக்கணும். அதான் பொட்டலம் குடுத்துக்கிட்டே இருந்தான்."

செய்யது அலி கேட்டுக்கொண்டே இருந்தான். கோபப்படுவான் என்று ஷிபு நினைத்தான். அவன் தலையைக் குனிந்து, "தொழுகையில நான் அவருக்கு துஆ செஞ்சேனே," என்றான். "அஞ்சு நேரமும்."

மறுநாள் பதினோரு மணிக்குக் கம்பெனியின் ஆய்வாளர் கிருஷ்ணப்ரியா டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. டாக்டர் அவளுக்குப் பன்னிரண்டு படங்களையும் விளக்கி முடித்திருந்தார். அழகியநாயகி பச்சை ஃபைலுடன் நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்க, சொன்னேன்ல! திருட்டுப் போனது கிடைச்சாச்சு." கையை நீட்டினார்.

ஃபைல் அவர் கையைத் தாண்டிக் கிருஷ்ணப்ரியாவின் முன்னால் போய் விழுந்தது. "சர்க்கரை வரி மட்டும் பாருங்க மேடம்," என்றாள் அழகியநாயகி.

கிருஷ்ணப்ரியா படித்தாள். ஐந்து நிமிடம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"தமிழ்நாட்டுல யாருக்குத்தான் சர்க்கரை இல்ல?" என்றார் டாக்டர். சிரிப்பில் பாதிதான் வந்தது.

"அதுவும் சரிதான்," என்றான் ஷிபு. "உள்ளதா இல்லியான்னு ஒண்ணு குத்திப் பாத்துருவோமே. ஜான்ரோஸ் அண்ணே, உள்ள வாங்க!"

வாசலில் காத்திருந்த ஜான்ரோஸ் உள்ளே வந்து விரலை நீட்டினார். ஃபைலின்படி எட்டாவது வாரமும் மூன்று பிளஸ் சர்க்கரையும் மூக்கு நிறையக் கொகெய்னும் உள்ளவர். சர்க்கரை பார்க்கும் கருவியில் தொண்ணூற்றாறு என்று வந்தது, சர்க்கரை நோயே இல்லை.

"ஊருல இவருக்குப் பொண்ணு குடுக்கலாம்," என்றான் ஷிபு.

"எனக்குக் கல்யாணம் ஆயாச்சு," என்றார் ஜான்ரோஸ் கவலையோடு.

டாக்டர் எழுந்துவிட்டார். "இது ஆய்வுக்கூடத்துத் தப்பு. அந்தத் திருடன்தான் ஃபைலை மாத்தியிருப்பான். கம்பெனி மருந்தைத் தூக்கிட்டு ஓடினவன் எதுதான் செய்யமாட்டான்?"

"அத்தன வெல உள்ள மருந்தா டாக்டர்?" என்றாள் அழகியநாயகி அப்பாவியாக. "வித்து முழுங்கியிருப்பானோ?"

"விக்கிறதா?" டாக்டருக்கு இளக்காரம் பொங்கியது. அவரால் அதை அடக்க முடியவில்லை. "அந்த முட்டாள் தூக்கிட்டுப் போனது வெறும் மாவு மேடம்! அத யாரு வாங்குவா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

கிருஷ்ணப்ரியா நிமிர்ந்தாள். "பதினேழாம் நம்பர் மாவுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? எனக்கே தெரியாதே?"

அவர் அருவியைப் பார்த்தார். இந்தத் தடவை அது உதவவில்லை.

"யாருக்கு எதுன்னு எழுதின உறைகள் உங்க பெட்டகத்துல இருக்கணும். சீல் போட்டபடியே இருக்கணும்," என்றாள் கிருஷ்ணப்ரியா. "சாவி குடுங்க."

அறுபது உறைகளும் வந்தன. அறுபதும் ஆவி காட்டிப் பிரித்துத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தன. அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம். பசை வெளியே வழிந்து பத்து உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அழகியநாயகி பொடி உறைகள் நான்கையும் அவற்றின் பக்கத்தில் வைத்தாள். 1-0-1. கிருஷ்ணப்ரியா அந்தக் கையெழுத்தையும் ஃபைலில் இருந்த கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போலீசை அழைத்தாள்.

"நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"சுவரெல்லாம் மாட்டிப் போட்டிருக்கியளே," என்றாள் அழகியநாயகி.

போலீஸ் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு கிருஷ்ணப்ரியா அவளைத் தாழ்வாரத்தில் பிடித்தாள். "இந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்யுமோ என்னவோ மேடம். மத்த ஏழு இடத்துக் கணக்கோட இந்தப் பொய்யும் கலந்திருந்தா யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். எங்கேயோ உண்மையா தவிக்கிறவங்க இத நம்பி முழுங்கியிருப்பாங்க."

அழகியநாயகி முற்றத்துக்கு வந்தாள். காரில் செய்யது அலியும் ஹமீதா பீவியும் காத்திருந்தார்கள். ஷிபு பாதி வழியில் அவளை நிறுத்தினான்.

"எக்கா, அவனுக்கிட்ட மாவு விஷயம் சொல்லாண்டாம். அந்தக் குப்பிய நம்பித்தான் அவன் நிக்கான். சொன்னா இண்ணைக்கே விழுந்துருவான்."

"இதுவரைக்கும் அவனுக்கிட்ட எல்லாரும் அவனுக்க நல்லதுக்குன்னுதான் பொய் சொன்னாவ," என்றாள் அவள். "நாமளும் அந்த வரிசையில நிக்கணுமா?"

அவள் காருக்குள் உட்கார்ந்து நேராகச் சொன்னாள். அவன் குப்பியில் இருந்தது மருந்தே இல்லை, வெறும் மாவு என்று.

ஹமீதா பீவி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். செய்யது அலி வெளியே, வீட்டுமனைக்காக மண் நிரப்பாமல் மிஞ்சிய ஒரு துண்டு வயலைப் பார்த்தான்.

"அப்போ அந்தப் பன்னிரண்டு நாளும்?"

"நீங்கதான். வேற யாரும் இல்ல."

"நாளைக்கு?"

"அது எனக்குத் தெரியாது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். சர்க்கரையையும் பாக்கணும், உங்களையும் யாராவது தெனமும் பாக்கணும்."

அவன் தலையசைத்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "மேடம், அந்த மருந்த நேரான எடத்துல மறுபடி சோதிப்பாவளா? சோதிச்சா என்னையும் சேப்பாவளா? எனக்கு ஒரு தடவ உண்மை தெரியணும்."

 ஷிபு முன் சீட்டிலிருந்து திரும்பினான்.

"கண்டிப்பா சேப்பாவ மக்கா. ஆனா ஒண்ணு கேட்டியா? இந்தத் தடவ உனக்க மூத்திரத்த ஊருக்கெல்லாம் தானம் பண்ணிராத."

"சீ, என்ன பேச்சு இது!" என்றாள் ஹமீதா பீவி. ஆனால் அதற்குள் செய்யது அலி சிரித்துவிட்டான். எட்டு வாரமும் பன்னிரண்டு நாளும் சிரிக்காத சிரிப்பு. கொட்டாரம் கடைத்தெருவைத் தாண்டும்வரை அவனால் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்பதை அவன் கையைப் பிடித்திருந்த அக்கா மட்டும்தான் அறிந்தாள்.